நாற்பது தடவை சரியாக வந்தால் போதுமா?

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏதேனும் ஓர் எண்ணை நினைத்துக்கொண்டு, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். வந்த விடையோடு, நினைத்த எண்ணைக் கூட்டுங்கள். பிறகு 41-ஐயும் கூட்டுங்கள்.

நீங்கள் நினைத்தது 1 என்றால் விடை 43. நினைத்தது 2 என்றால் 47. 3 என்றால் 53. 4 என்றால் 61. 10 என்றால் 151. ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? வந்தவை எல்லாமே பகா எண்கள். 20-ஐப் போட்டுப் பார்த்தால் 461. அதுவும் பகா எண். 30-ஐப் போட்டால் 971. அதுவும் பகா எண்தான். பூஜ்யத்திலிருந்து 39 வரை நாற்பது எண்களையும் பொறுமையாகப் போட்டுப் பார்த்தாலும் இப்படியேதான் வரும். "எந்த எண்ணைப் போட்டாலும் பகா எண்தான் கிடைக்கும்" என்று விதி எழுதிவிடலாம் என்று கை துடிக்கிறது அல்லவா?

40-ஐப் போடுங்கள். 1600, அதோடு 40, அதோடு 41. மொத்தம் 1681. இது 41-ஐ 41-ஆல் பெருக்கினால் வரும் எண். விதி உடைந்து போயிற்று.

இப்போது வேறொரு கணக்கு. ஒற்றைப்படை எண்களை 1-இலிருந்து வரிசையாகக் கூட்டுங்கள். 1-உம் 3-உம் 4. அதோடு 5-ஐக் கூட்டினால் 9. அதோடு 7-ஐக் கூட்டினால் 16. எல்லாம் வர்க்க எண்கள். இதுவும் ஒருநாள் காலை வாரிவிடுமோ? விடாது. சில புளியங்கொட்டைகளைச் சதுரமாக அடுக்கிப் பாருங்கள், காரணம் தெரியும். மூன்றுக்கு மூன்று அடுக்கிய சதுரத்தை நாலுக்கு நாலாக வளர்க்க வேண்டுமானால் பக்கத்தில் 3, கீழே 3, மூலையில் 1, ஆக 7 கொட்டைகள் வேண்டும். அடுத்த சதுரத்துக்கு 4, 4, 1, ஆக 9. சதுரம் எவ்வளவு பெரிதானாலும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று கூடுவதால், தேவைப்படுவது எப்போதும் அடுத்த ஒற்றைப்படை எண்தான். கோடியாவது தடவையைப் பற்றிக்கூட நமக்குக் கவலை இல்லை. போட்டுப் பார்க்காமலே தெரியும்.

முதல் கணக்கில் நாம் செய்தது சோதனை. இரண்டாவதில் செய்தது நிரூபணம். கணிப்பொறிக்கு எழுதும் கட்டளைத் தொகுப்புக்கு நிரல் என்று பெயர். ஒரு நிரல் சரியானதுதான் என்று நம்புவதற்கும் இந்த இரண்டு வழிகள்தாம் உண்டு. ஓட்டிப் பார்க்கலாம், அல்லது கணிதத்தால் நிரூபிக்கலாம். நிரூபணம்தான் உயர்ந்தது, சோதனை ஏழைகளின் வழி என்று இப்போது உங்களுக்குத் தோன்றும். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது. ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை.

ஒரு ரயில்வே கேட்டை எடுத்துக்கொள்வோம். இது நம் கட்டுரைக்காகக் கட்டிய கேட். எந்த ஊரிலும் தேட வேண்டாம். இரட்டைத் தண்டவாளம், வடக்கே போகும் ரயில்களுக்கு ஒரு பாதை, தெற்கே போகும் ரயில்களுக்கு ஒரு பாதை. அவற்றை ஒரு சாலை கடக்கிறது. கேட் கீப்பர் இல்லை. ஒவ்வொரு பாதையிலும், கேட்டுக்கு வெகு தூரம் முன்னால் ஓர் உணர்கருவி இருக்கிறது. ரயில் நெருங்குவதை அது கணிப்பொறிக்குச் சொல்லும். கேட்டைத் தாண்டியவுடன் இன்னோர் உணர்கருவி. ரயில் போய்விட்டதை அது சொல்லும். ஒரு பாதையில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இந்த எல்லைக்குள் வரும் என்று வைத்துக்கொள்வோம்.

நிரல் எழுதுபவர் எளிமையாக இரண்டே கட்டளை எழுதுகிறார். "ரயில் நெருங்கும் செய்தி வந்தால் கேட்டை மூடு. ரயில் போன செய்தி வந்தால் கேட்டைத் திற."

இதை எப்படிச் சோதிப்பது? அவர் தன் மேசையை விட்டு எழுந்து, ரயில்வே பொறியாளரையும், அந்தச் சாலையில் தினமும் வண்டி ஓட்டுபவரையும் உட்காரவைத்துப் பேசுகிறார். கேட் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறார். அவர்கள் சொல்வதைச் சிறு கதைகளாக எழுதிக்கொள்கிறார். ஒவ்வொரு கதைக்கும் மூன்று பகுதிகள். இன்ன நிலை இருக்கும்போது, இன்னது நடந்தால், இன்னது ஆக வேண்டும்.

முதல் கதை: ரயில் எதுவும் இல்லை, கேட் திறந்திருக்கிறது, வடபாதையில் ரயில் நெருங்கினால், கேட் மூட வேண்டும். இரண்டாவது கதை: வடபாதையில் ரயில் கேட்டின் மேல் இருக்கிறது, கேட் மூடியிருக்கிறது, ரயில் போய்விட்டால், கேட் திறக்க வேண்டும். தென்பாதைக்கும் இதே போல் இரண்டு. ஆக நான்கு கதைகள்.

நிரல் என்ன செய்கிறது என்று அதன் உள்ளே புகுந்து பார்க்காமல், வெளியே அதன் நடத்தை எப்படி இருக்க வேண்டும் என்று கதையாகச் சொல்லி, அந்தக் கதையையே சோதனையாக ஓட்டும் இந்த வழக்கத்தை 2003-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிவைத்தவர் டான் நார்த் என்ற மென்பொருள் வல்லுநர். 2008-இல் வந்த 'குக்கும்பர்' என்ற கருவி இதைப் பரவலாக்கியது. ஆமாம், வெள்ளரிக்காய்தான்! அந்தக் கருவிக்கான கதைமொழியின் பெயர் 'கெர்கின்', அதாவது ஊறுகாய்க்கான சின்ன வெள்ளரி. இந்தக் கதைமொழியைப் பல உலக மொழிகளில் எழுதலாம். தமிழும் அவற்றுள் ஒன்று. "கொடுக்கப்பட்ட", "எப்போது", "அப்பொழுது" என்று மூன்று வரிகளையும் தொடங்கினால் கருவி புரிந்துகொள்ளும். ("எப்போது" என்பது தமிழில் கேள்வி கேட்கும் சொல். யாரோ அகராதியைப் பார்த்துப் போட்டுவிட்டார்கள் போலும். இருந்தாலும், தமிழில் எழுதிய கதையைக் கணிப்பொறி சோதனையாக ஓட்டுகிறது என்பது மகிழ்ச்சிதானே!)

நம் கேட்டுக்கு வருவோம். நான்கு கதைகளையும் ஓட்டினார்கள். நான்கும் தேறின. நிரல் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிடலாமா?

போடுவதற்கு முன் நாம் ஒரு காரியம் செய்வோம். இந்தக் கேட் இருக்கக்கூடிய எல்லா நிலைகளையும் எண்ணிவிடுவோம். வடபாதையில் ரயில் இல்லாதிருக்கலாம், நெருங்கிக்கொண்டிருக்கலாம், கேட்டின் மேல் இருக்கலாம், மூன்று நிலைகள். தென்பாதைக்கும் மூன்று. கேட் திறந்திருக்கலாம் அல்லது மூடியிருக்கலாம், இரண்டு. மூன்றை மூன்றால் பெருக்கி இரண்டால் பெருக்கினால் 18. ஆக, உலகமே தலைகீழானாலும் நம் கேட்டுக்கு 18 நிலைகளுக்கு மேல் இல்லை. ஒரு தாளில் 18 வட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நிலையை எழுதிக்கொள்ளுங்கள். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போக முடியும் என்று அம்புக்குறி போடுங்கள். அரைமணி நேர வேலைதான்.

அடுத்து, ஒரு விதியை எழுதுவோம். கதை எழுதும்போது "வடபாதையில் ரயில் வந்தால்" என்று ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைச் சொன்னோம். விதி அப்படி இல்லை. எல்லா நேரத்துக்கும் பொருந்துவது. "எந்தப் பாதையிலாவது ரயில் கேட்டின் மேல் இருந்தால், கேட் மூடியிருக்க வேண்டும்." இந்த விதியை மீறும் வட்டங்களுக்குச் சிவப்பு மை பூசுங்கள். பிறகு, ரயில் எதுவும் இல்லாமல் கேட் திறந்திருக்கும் தொடக்க வட்டத்தில் விரலை வைத்து, அம்புக்குறிகளின் வழியே போய் எந்தெந்த வட்டங்களை எட்ட முடிகிறது என்று பாருங்கள்.

18 வட்டங்களில் 13-ஐ எட்ட முடிகிறது. அந்தப் பதின்மூன்றில் இரண்டு சிவப்பு!

விரல் எந்த வழியாகச் சிவப்புக்குப் போயிற்று? வடபாதையில் ஒரு ரயில் நெருங்குகிறது, கேட் மூடுகிறது. தென்பாதையில் இன்னொரு ரயில் நெருங்குகிறது. கேட் மூடியே இருக்கிறது. வட ரயில் கேட்டின் மேல் வருகிறது. வட ரயில் போய்விடுகிறது; நிரல் தன் கட்டளைப்படி கேட்டைத் திறக்கிறது. காத்திருந்த வண்டிகள் கிளம்புகின்றன. அப்போது தென் ரயில் கேட்டின் மேல் வருகிறது.

ஐந்தே அடிகள். நான்கு கதைகளும் தேறிய நிரல், ஐந்து அடியில் ஆட்களைக் கொன்றுவிட்டது. கதை எழுதிய மூவரும் முட்டாள்கள் அல்லர். ஒரு ரயிலை மனத்தில் வைத்துக்கொண்டு பேசினார்கள். இரண்டு ரயில்கள் ஒரே நேரத்தில் வருவதை நினைக்கவில்லை. மனிதர்களுக்குத் தோன்றுகிற கதைகள்தாம் சோதனையில் இடம்பெறும். 18 வட்டங்களுக்கோ மனிதர்களுக்கு எது தோன்றியது, எது தோன்றவில்லை என்ற பேதம் இல்லை. எல்லாம் இருக்கும்.

விதி உடையும் வழியைக் காட்டும் இப்படிப்பட்ட சங்கிலிக்கு எதிர்க்காட்டு என்று பெயர் வைத்துக்கொள்வோம். முதல் கணக்கில் 40 என்ற எண் செய்த வேலையைத்தான் இது இங்கே செய்தது.

நிரலைத் திருத்துவது கடினமில்லை. எல்லைக்குள் எத்தனை ரயில்கள் இருக்கின்றன என்று கணிப்பொறி எண்ணிக்கொண்டே வரட்டும். எண்ணிக்கை பூஜ்யமானால் மட்டும் கேட்டைத் திறக்கட்டும். மறுபடியும் விரலை வைத்துப் போய்ப் பாருங்கள். இந்தத் தடவை 9 வட்டங்களைத்தான் எட்ட முடியும். ஒன்றுகூடச் சிவப்பு இல்லை. இது நாற்பது தடவை போட்டுப் பார்த்த சமாதானம் அல்ல. எல்லா வழிகளையும் பார்த்தாகிவிட்டது. நிரூபணமே ஆகிவிட்டது.

இப்போதாவது கையெழுத்துப் போடலாமா?

இதற்கு நேர்மாறான ஒரு நிரலைக் காட்டுகிறேன். கேட்டை நிரந்தரமாக மூடி வைத்துவிடும் நிரல். முதல் நாள் மூடியதுதான்; பிறகு திறப்பதே இல்லை. நம் விதியை அதற்கு வைத்துப் பாருங்கள். ரயில் கேட்டின் மேல் இருக்கும்போதெல்லாம் கேட் மூடியிருக்கிறதா? இருக்கிறது. விதி ஒருபோதும் உடையாது. கணிதம் அந்த நிரலுக்கும் நூற்றுக்கு நூறு போட்டுவிடும். ஊர்க்காரர்கள் மட்டும் சாலையைக் கடக்கவே முடியாது!

இந்த அபத்தத்தைப் பிடித்துக் கொடுப்பது எது? நம் இரண்டாவது கதை. "ரயில் போய்விட்டால், கேட் திறக்க வேண்டும்." அந்த ஒரு சோதனையில் மூடிய கேட் தோற்றுவிடும். நிரூபணம் என்பது, நாம் எழுதிய விதியை நிரல் மீறாது என்பதற்கான நிரூபணம்தான். நாம் எழுதியது சரியான விதியா, எதையாவது சொல்ல மறந்துவிட்டோமா என்பது கணிதத்துக்குத் தெரியாது. அது ஊர்க்காரருக்குத்தான் தெரியும். "கேட் இறங்கும்போது உள்ளே ஒரு மாட்டுவண்டி சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்?" என்று வண்டி ஓட்டுபவர் கேட்பார். அந்தக் கேள்வியை எந்த 18 வட்டமும் கேட்காது. வட்டங்களில் வண்டியே இல்லையே!

ஆக, கதைகள் மறந்ததை விதி பிடிக்கிறது. விதி மறந்ததைக் கதைகள் பிடிக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும் என்று கணிப்பொறி அறிஞர்கள் சிலர் சொல்வதன் சாரம் இதுதான். கதைகளை முதலில் எழுதி, அவற்றிலிருந்து பொதுவான விதிகளை எடுக்கிறார்கள். விதிகளை, நம் வட்டப்படம் போன்ற ஒரு மாதிரியில் வைத்து நிரூபிக்கப் பார்க்கிறார்கள். எதிர்க்காட்டு கிடைத்தால் அதையே ஒரு புதுக் கதையாக எழுதிப் பழைய கதைகளோடு சேர்த்துவிடுகிறார்கள். நம் ஐந்து அடிச் சங்கிலி இனி ஐந்தாவது கதை. பத்து வருடம் கழித்து வேறொருவர் வந்து நிரலை மாற்றினாலும், இரண்டு ரயில்களின் கதை அவரை விட்டுவிடாது.

இவ்விரண்டு வழிகளுக்கும் ஒரு பழைய உறவும் உண்டு. அமெரிக்கர் ராபர்ட் ஃப்ளாய்ட் 1967-இலும், ஆங்கிலேயர் டோனி ஹோர் 1969-இலும், நிரல்களைக் கணிதத்தால் நிரூபிக்க வழி வகுத்தார்கள். ஹோர் ஒவ்வொரு நிரலையும் மூன்று பகுதிகளாக எழுதச் சொன்னார். தொடங்கும் முன் உண்மையாக இருக்க வேண்டியது, நிரல், முடிந்தபின் உண்மையாக இருக்க வேண்டியது. இன்ன நிலை இருக்கும்போது, இன்னது நடந்தால், இன்னது ஆக வேண்டும். அதே மூன்று பகுதிகள்தாமே? கதையில் "இந்த ஒரு ரயில்" என்று இருக்கும் இடத்தில் ஹோரின் விதியில் "எந்த ரயிலானாலும்" என்று இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்; ஆனால் அது பெரிய வித்தியாசம்.

வட்டங்களையும் அம்புகளையும் கையால் போடுவது நம் கேட்டுக்குச் சரி. இதே போல் பத்துக் கேட்டுகளை ஒரே கணிப்பொறி பார்த்துக்கொள்கிறது என்றால் எத்தனை நிலைகள்? 18-ஐப் பத்துத் தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். மூன்றரை லட்சம் கோடிக்கும் மேலே போகிறது. எனவே வட்டங்களைத் துருவும் வேலையையும் கணிப்பொறியிடமே ஒப்படைத்தார்கள். 1981-இல் அமெரிக்காவில் எட்மண்ட் கிளார்க், ஆலன் எமர்சன் இருவரும், அவர்களை அறியாமலே 1982-இல் பிரான்சில் ஜோசப் சிஃபாகிஸ், ழான்-பியர் கேய் இருவரும் இதற்கான முறையை வெளியிட்டார்கள். கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் மூவருக்கும் கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது 2007-ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்டது.

அமேசான் நிறுவனத்தின் பொறியாளர்கள் இத்தகைய முறையைத் தங்கள் தகவல் சேமிப்பு நிரல்களில் பயன்படுத்தி, அந்த அனுபவத்தை 2015-இல் எழுதினார்கள். ஒரு நிரலில், சேமித்த தகவல் தொலைந்துபோகக்கூடிய பிழை ஒன்று அகப்பட்டது. அதைக் காட்டும் மிகச் சிறிய எதிர்க்காட்டில் 35 அடிகள் இருந்தன. நம் கேட்டின் ஐந்து அடியையே மூன்று பேர் சேர்ந்து நினைக்கவில்லை. 35 அடிக் கதையை யார் உட்கார்ந்து கற்பனை செய்யப்போகிறார்கள்?

நிரூபணம் ரயிலையே ஓட்டிய இடமும் உண்டு. பாரிஸ் நகரத்து மெட்ரோவின் 14-ஆம் பாதை 1998 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதன் ரயில்களில் ஓட்டுநர் கிடையாது. உயிரைக் காக்கும் பகுதிக்கான நிரல், சுமார் 86,000 வரிகள், 'பி' என்ற நிரூபண முறைப்படி உருவாக்கப்பட்டது. 27,000-க்கும் மேற்பட்ட சிறு நிரூபணங்கள் தேவைப்பட்டன. நிரூபித்த பகுதிகளைத் துண்டு துண்டாகச் சோதிக்கும் வேலையை விட்டுவிட்டார்கள். ஆனால் முழு ரயிலையும் தண்டவாளத்தில் ஓட்டிப் பார்க்காமல் பயணிகளை ஏற்றவில்லை.

அந்த எச்சரிக்கை வீண் அல்ல. அமெரிக்கக் கணிப்பொறி மேதை டொனால்ட் கனூத் 1977-இல் ஒரு நண்பருக்கு நிரல் ஒன்றை அனுப்பும்போது, அது சரியென்று தான் நிரூபித்திருப்பதாகவும், ஓட்டிப் பார்க்கவில்லை ஆதலால் ஜாக்கிரதையாக இருக்கும்படியும் குறும்பாக எழுதினார். அது வெறும் வேடிக்கை இல்லை என்பதை ஒரு சின்ன நிரலின் வரலாறு காட்டுகிறது.

அகராதியில் ஒரு சொல்லை எப்படித் தேடுவீர்கள்? நடுப்பக்கத்தைத் திறப்பீர்கள். தேடும் சொல் அதற்கு முன்னால் வருமென்றால் முன்பாதி, இல்லையென்றால் பின்பாதி. அந்தப் பாதியில் மறுபடியும் நடுவைத் திறப்பீர்கள். கணிப்பொறியும் வரிசையாக அடுக்கிய பட்டியலில் இப்படித்தான் தேடுகிறது. இதற்கான நிரல் பத்துப் பதினைந்து வரிதான். ஜான் பென்ட்லி என்ற அறிஞர் 1986-இல் வந்த தம் நூலில் இந்த நிரலை எழுதி, அது சரியென்று நிரூபித்தும் காட்டினார். சோதனைகளிலும் அது தேறியது. அதே முறையில்தான் ஜாவா என்ற கணிப்பொறி மொழியின் நிரல் நூலகத்திலும் தேடும் நிரல் எழுதப்பட்டது. உலகமெங்கும் அது ஓடிற்று. சுமார் ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதில் ஒரு பிழை இருப்பது வெளிப்பட்டது. அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக் என்பவரே 2006-இல் அதைப் பகிரங்கமாக விளக்கினார்.

பிழை எங்கே? நடுப்பக்கத்தைக் கண்டுபிடிக்கும் வரியில். முதல் பக்க எண்ணையும் கடைசிப் பக்க எண்ணையும் கூட்டி இரண்டால் வகுப்பதுதானே நடு? பள்ளிக்கூடக் கணக்குப்படி இதில் தவறே இல்லை. ஆனால் அந்த நிரலில் ஓர் எண்ணை எழுத 32 கட்டங்கள்தாம் உண்டு. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 2,14,74,83,647. அதைத் தாண்டினால், பழைய காரின் கிலோமீட்டர் எண்காட்டி 99,999-க்குப் பிறகு பூஜ்யத்துக்குப் போவது போல, எண் சுற்றிக்கொண்டு குறை எண்ணாகிவிடும். 150 கோடியையும் 200 கோடியையும் கூட்டினால் 350 கோடி வர வேண்டும். கணிப்பொறி காட்டுவது −79,49,67,296. குறை எண் பக்கத்தை எங்கே போய்த் திறப்பது? நிரல் நின்றுவிடும்.

பட்டியலில் நூறு கோடிக்கு மேல் உறுப்பினர்கள் சேரும்வரை இந்தப் பிழை தலைகாட்டாது. சோதனை செய்தவர்கள் அவ்வளவு பெரிய பட்டியலைக் கொடுக்கவில்லை. ஆகவே சோதனையில் அகப்படவில்லை. நிரூபணம் செய்தவர்கள் எண்களுக்கு முடிவே இல்லை என்று வைத்துக்கொண்டார்கள். ஆகவே நிரூபணத்திலும் அகப்படவில்லை. கணிதத்தின் எண்கள் வேறு, இயந்திரத்தின் எண்கள் வேறு. திருத்தம் ஒரே வரிதான். இரண்டையும் கூட்டாமல், இடையே உள்ள தூரத்தில் பாதியை முதல் எண்ணோடு கூட்ட வேண்டும். 150 கோடியோடு 25 கோடி, 175 கோடி. எந்தக் கட்டமும் நிரம்பி வழியாது.

நிரூபணம் தோற்றுப்போனதால் நன்மை விளைந்த கதையும் ஒன்று உண்டு. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது அதுதான்.

ஆசிரியர் விடைத்தாள்களைப் பதிவெண்படி அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஏற்கனவே வரிசையாக இருக்கும் கட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டு இரண்டு கட்டுகளாக இணைத்துக்கொண்டே போவார். டிம் பீட்டர்ஸ் என்பவர் 2002-இல் பைதான் மொழிக்காக எழுதிய 'டிம்சார்ட்' என்ற நிரல் இதே யுக்தியைக் கையாளுகிறது. பிறகு ஜாவாவும் அதை எடுத்துக்கொண்டது. இணைக்கக் காத்திருக்கும் கட்டுகளின் நீளங்களை அது ஒரு குறிப்பில் எழுதி வைக்கும். அந்த நீளங்கள் ஒரு குறிப்பிட்ட விதிப்படி அமைந்திருக்கும் என்றும், அதனால் குறிப்புக்கு நாற்பது வரி இடம் ஒதுக்கினாலே எவ்வளவு பெரிய பட்டியலுக்கும் தாராளம் என்றும் ஜாவா நிரலில் கணக்குப் போட்டிருந்தார்கள்.

2015-இல் ஸ்டைன் தி ஹௌவும் அவருடைய சகாக்களும் இந்த நிரல் சரியென்று நிரூபிக்க உட்கார்ந்தார்கள். அதற்கு 'கீ' என்ற நிரூபணக் கருவி துணை. நிரூபணம் ஓரிடத்தில் நகர மறுத்தது. குறிப்பின் கடைசிச் சில வரிகளில் மட்டுமே நிரல் விதியைச் சரிபார்க்கிறது. அதற்கு மேலுள்ள வரிகளில் விதி உடைந்தாலும் அதற்குத் தெரிவதில்லை. அப்படி உடைந்துகொண்டே போனால் நாற்பது வரிகள் போதாமல் போகுமே? வேறு யாராக இருந்தாலும் "கருவிக்குப் புரியவில்லை" என்று விட்டிருக்கலாம். இவர்கள் நிரூபணம் தடுக்கிய இடத்தையே வழிகாட்டியாகக் கொண்டு, நிரலைக் கவிழ்க்கும் ஒரு பட்டியலைக் கட்டினார்கள். அதில் 6,71,08,864 எண்கள். ஜாவாவிடம் அடுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நிரல் இடமில்லாமல் விழுந்தது!

கவனியுங்கள்: நிரூபணம் தடுக்கிய இடத்திலிருந்து ஒரு சோதனை பிறந்தது. குருட்டாம்போக்கில் எண்களைக் கொட்டிப் பார்த்திருந்தால் அப்படி ஒரு பட்டியல் அகப்பட்டிருக்காது. அதே சமயம், "நிரூபணம் முடியவில்லை" என்று மட்டும் சொல்லியிருந்தால் எத்தனை பேர் செவிசாய்த்திருப்பார்கள்? விழுந்து கிடக்கும் நிரலைக் காட்டியபின் யாரும் வாதாடவில்லை. பைதான்காரர்கள் ஆராய்ச்சியாளர்கள் சொன்னபடி, சரிபார்க்கும் வரியையே திருத்தினார்கள். ஜாவாக்காரர்கள் நாற்பது வரி இடத்தை 49 வரியாக்கி விஷயத்தை முடித்தார்கள். அந்த 49-உம் போதாது என்று 2018-இல் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் காட்ட, மறுபடி திருத்த வேண்டியதாயிற்று.

நீங்கள் போட்ட 18 வட்டங்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நம் கேட் கண் இமைக்கும் நேரத்தில் மூடிவிடும் என்று சொல்லாமலே வைத்துக்கொண்டோம். உண்மையான கேட் இறங்கச் சிறிது நேரம் ஆகும். ஆகவே கேட்டுக்குத் "திறந்திருக்கிறது", "இறங்கிக்கொண்டிருக்கிறது", "மூடியிருக்கிறது" என்று மூன்று நிலைகள் கொடுங்கள். இப்போது வட்டங்கள் 27. ரயில்களை எண்ணும் திருத்திய நிரலையே வைத்துக்கொண்டு, மறுபடியும் தொடக்க வட்டத்தில் விரலை வையுங்கள். இந்தத் தடவை இரண்டே அடியில் ஒரு சிவப்பு வட்டம் வரும். அதை மூன்று பகுதிக் கதையாக எழுதுங்கள். பிறகு யோசித்துப் பாருங்கள்: அந்தக் கதையில் திருத்த வேண்டியது நிரலையா, உணர்கருவி வைத்திருக்கும் இடத்தையா?